இருபதாயிரம் வெற்றிடங்கள்

2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் படுத்துவிட்டது. உலகெங்கும் நிரல் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கப் போகும் இடம் அது. யாரும் ஊடுருவவில்லை. மின்சாரம் போகவில்லை. எந்தக் கருவியும் பழுதாகவில்லை. யாரோ ஒருவர் தம் பதிவில் ஒரே வரியில் ஏறத்தாழ 20,000 வெற்றிடங்களைத் தொடர்ச்சியாக விட்டிருந்தார். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விழுமே, அந்த வெற்றிடம்தான். ஒன்றுமே இல்லாத இடம் ஒரு பெரிய தளத்தைச் சாய்த்துவிட்டது.

நடந்தது இதுதான். வரியின் தலையிலும் வாலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடங்களை நறுக்குவதற்கு ஒரு சின்னத் தேடல் கட்டளை வைத்திருந்தார்கள். இவ்வகைக் கட்டளைக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். நிரலாளர் வழக்கில் ரெஜெக்ஸ். 'வெற்றிடங்கள் தொடர்ந்து வந்து, அவற்றோடு வரி முடிகிறதா?' என்பது அது கேட்கும் கேள்வி. தேடும் நிரல் முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000 அடி நடந்து போய்ப் பார்த்தது. அங்கே வரி முடியவில்லை, ஓர் எழுத்து நின்றது. திரும்பி வந்து இரண்டாம் வெற்றிடத்திலிருந்து மறுபடி 19,999 அடி நடந்தது. அங்கே அதே எழுத்து. மறுபடி மூன்றாவதிலிருந்து 19,998. கூட்டிப் பாருங்கள், 20 கோடி அடி.

தெருக்கோடியில் கடை பூட்டியிருக்கிறது என்று போய்ப் பார்த்துத் திரும்பியவர், அடுத்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி மறுபடி அதே கடையைப் பார்க்கப் போவது போன்ற வேலை இது. ஒரே நடையில், 20,000 அடியில் தீர்ந்திருக்க வேண்டும். 20 கோடி என்பது அதைப் போல 10,000 மடங்கு. 1 நொடிக் காரியம் 2 மணி 46 நிமிடத்துக்கு இழுப்பது போல.

இதில் என்னை வியக்கவைப்பது பிழை அன்று, மருந்தின் வயது. ஒரே நடையில் தேடும் வழியைக் கென் தாம்சன் 1968-லேயே அச்சில் கொடுத்துவிட்டார். பின்னாளில் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். அவருடைய வழிக்கு அடிப்படையான கணிதம் அதற்கும் முந்தியது. அந்தக் கணிதம் இன்றும் பொறியியல் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. மாணவர்கள் அதை டிஓசி என்று சுருக்கிச் சொல்வார்கள். அரியர் விழும் என்று அஞ்சுவார்கள். 'இதை வைத்து ஓர் ஆப் கூடச் செய்ய முடியாதே, எதற்குப் படிக்க வேண்டும்?' என்று கேட்பார்கள். தமிழில் கணிப்பியல் கோட்பாடு எனலாம். எதைக் கணக்கிட முடியும், எதை ஒருபோதும் முடியாது, முடிந்தால் எவ்வளவு செலவாகும் என்று ஆராயும் துறை. வீடு கட்டத் தொடங்கும் முன்பே மண் தாங்குமா என்று சொல்லிவிடும் அறிவு இது. அந்த மாணவரின் கேள்விக்கு என்னால் முடிந்தவரை முழுமையாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மிகச் சிறிய கணினியிலிருந்து தொடங்குவோம். கைபேசியில் ஒலிப்பு முறையில் தமிழ் தட்டுகிற எல்லாரும் அதை ஓட்டுகிறார்கள். ஆங்கில 'கே' விசையைத் தட்டினால் க் வருகிறது. அடுத்து 'ஏ' தட்டினால் புள்ளி மறைந்து க ஆகிறது. இன்னொரு 'ஏ' தட்டினால் கால் முளைத்துக் கா. 'ஏ'வுக்குப் பதில் 'ஐ' தட்டியிருந்தால் கி. இந்த வேலைக்கு நீங்கள் அதுவரை தட்டிய கடிதம் முழுவதும் நினைவில் இருக்க வேண்டியதில்லை. சொல்லின் தொடக்கத்தில் நிற்கிறேனா, மெய்யில் நிற்கிறேனா, குறிலிலா, நெடிலிலா என்பதோடு இன்னும் சில நிலைகள் தெரிந்தால் போதும். 18 மெய்யும் 12 உயிரும் புணர்ந்து வரும் 216 உயிர்மெய்யும் அந்த விரல்விட்டு எண்ணும் நிலைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இப்படி எண்ணிக்கைக்கு உட்பட்ட நிலைகளை மட்டுமே நினைவாகக் கொண்ட பொறிக்கு முடிவுறு நிலைப் பொறி என்று பெயர். லிஃப்டும் போக்குவரத்து விளக்கும் இதன் உறவினர்கள்.

இந்தப் பொறி பிறந்த இடம் கணினிக் கூடம் அன்று. 1943-இல் வாரன் மக்கல்லக், வால்டர் பிட்ஸ் என்ற இருவர் மூளையின் நரம்பணுவை ஒரு சுவிட்சாகக் கற்பனை செய்தார்கள்: ஒன்று எரியும், அல்லது அணையும். இத்தகைய சுவிட்சுகளின் வலை எந்தெந்த வடிவங்களை அடையாளம் காண முடியும் என்று 1951-இல் ஸ்டீபன் கிளீனி கேட்டார். அவருக்குக் கிடைத்த விடை நம்ப முடியாத அளவுக்கு எளிமையானது. ஒன்றன்பின் ஒன்றாக வருவது, இதுவோ அதுவோ என்பது, திரும்பத் திரும்ப வருவது. இந்த மூன்றை மட்டும் கலந்து எழுதக்கூடிய வடிவங்கள் எல்லாவற்றையும் அந்தப் பொறி கண்டுபிடிக்கும்; அதற்கு மேல் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காது. அவர் அதற்காக உண்டாக்கிய குறியீடுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். அலுவலகக் கணினியில் ஒரு படிவம் 'மின்னஞ்சல் முகவரி தவறு' என்று சிவப்பில் காட்டும்போது, நரம்பணுவைப் பற்றிய ஒரு கேள்வியின் வாரிசு அங்கே உழைத்துக்கொண்டிருக்கிறது.

1959-இல் மைக்கேல் ராபினும் டேனா ஸ்காட்டும் இன்னொரு புதிரை அவிழ்த்தார்கள். பொறிக்கு ஊகிக்கும் வரம் கொடுத்தால் என்ன? இரண்டு பாதை பிரியும் இடத்தில் சரியான பாதையை அதுவே ஊகித்துக்கொள்ளும் என்று வையுங்கள். அதன் வல்லமை கூடுமா? கூடாது என்று நிறுவினார்கள். ஊகிக்கும் பொறி செய்வதை ஊகிக்காத பொறியும் செய்யும். அது செய்ய வேண்டியது ஒன்றுதான்: சாத்தியமான எல்லா நிலைகளிலும் ஒரே நேரத்தில் விரல் வைத்துக்கொண்டு முன்னேற வேண்டும். பின்னால் திரும்பி வரவே வேண்டியதில்லை. 1976-இல் இருவருக்கும் ட்யூரிங் விருது கிடைத்தது. தாம்சன் 1968-இல் நிரலாக்கியது இதே விரல் வித்தையை. பிறகு வந்த பல நிரல்மொழிகள் வேறு சில வசதிகளைச் சேர்க்க விரும்பி, ஒரு பாதையில் போய் முட்டித் திரும்பி வந்து வேறு பாதையில் போகும் முறைக்கு மாறின. அந்த முறைதான் 20,000 வெற்றிடங்களில் கால் இடறியது. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனமும் ஒரே ஒரு ரெஜெக்ஸால் 27 நிமிடம் தவித்தது. அதன் சேவையை நம்பியிருந்த உலகத் தளங்கள் பல சேர்ந்து விழுந்தன. அதன் பின்னர், ஓடும் நேரத்துக்கு உத்தரவாதம் தரும் தேடுபொறிக்கு மாறுவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அப்படிப்பட்ட உத்தரவாதம் 1959-இன் கணிதத்திலிருந்து வருவது.

சரி, இந்தச் சின்னப் பொறியால் எது முடியாது? அடைப்புக்குறிகளை இணை சேர்க்க முடியாது. திறந்த குறி எத்தனையோ அத்தனை மூடிய குறி வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. குழந்தையும் செய்யும். ஆனால் உங்கள் பொறிக்கு 100 நிலைகள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். 101 திறந்த குறிகளை வரிசையாக ஊட்டுங்கள். 100 நாற்காலியில் 101 பேர் உட்கார்ந்தால் ஒரு நாற்காலியில் இருவர் உட்கார்ந்தாக வேண்டும். அதுபோல, ஏதோ இரண்டு எண்ணிக்கைகள், 37-உம் 82-உம் என்று வையுங்கள், ஒரே நிலையில் போய் நிற்கும். அதன்பின் அந்தப் பொறிக்கு 37-க்கும் 82-க்கும் வித்தியாசம் தெரியாது. 100-க்குப் பதில் 100 கோடி நிலைகள் கொடுத்தாலும் இதே கதி. எவ்வளவு ஆழமாகவும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் குறிகளை, கிளீனியின் மூன்று செயல்களால் ஆன எந்த ரெஜெக்ஸாலும் சரிபார்க்க முடியாது என்று ஒரு நாற்காலிக் கணக்கு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. இதை அறியாமல் அதற்கு முயன்று எத்தனை நிரலாளர்களின் இரவுகள் போயிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தீர்வு சமையலறையில் இருக்கிறது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். எடுக்கும்போது மேலிருப்பதைத்தான் எடுக்கிறோம். திறந்த குறி வந்தால் ஒரு தட்டு வை, மூடிய குறி வந்தால் ஒரு தட்டு எடு. கடைசியில் அடுக்கு காலியானால் கணக்கு சரி. இந்த அடுக்கை முடிவுறு பொறியோடு சேர்த்தால் வாக்கியத்துக்குள் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் பொறி கிடைக்கிறது. 1956-இல் மொழியியலறிஞர் நோம் சாம்ஸ்கி மொழிகளின் இலக்கணங்களைப் படிப்படியான வகைகளாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு வகை இலக்கணத்துக்கும் ஒரு வகைப் பொறி இணையாக நின்றது. மனித மொழிக்காகத் தொடங்கிய அந்த ஆராய்ச்சியைக் கணினி மொழிகள் ஆவலோடு எடுத்துக்கொண்டன. 1957-இல் வெளிவந்த முதல் ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு, அதாவது நிரலைப் பொறிமொழியாக மாற்றும் தொகுப்பிக்கு, 18 ஆள்-ஆண்டு உழைப்பு பிடித்தது. இலக்கணக் கோட்பாடு வளர்ந்த பிறகு, ஒரு சிறிய மொழிக்கான கம்பைலரை மாணவர்கள் ஒரே பருவத்தில் எழுதிவிடுகிறார்கள்.

இந்த இலக்கணக் கதையில் ஒரு பக்கம் தாம்பரத்தில் எழுதப்பட்டது. மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இணையரும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். சாம்ஸ்கியின் விதிகள் எழுத்துகளை ஒரே வரிசையில் வைத்து மாற்றுபவை. கோலமோ நீளத்திலும் அகலத்திலும் பரவுவது. ஒரு கட்டத்தில் இழை கூடினால் அந்த வரிசை முழுவதும், சில வேளை பத்தி முழுவதும், சேர்ந்து வளர வேண்டும். இல்லையென்றால் வடிவம் கோணிவிடும். ஆகவே கட்டங்களின் அணியையே மாற்றி எழுதும் விதிகளை வகுத்தார்கள். இவை அணி இலக்கணங்கள் எனப்பட்டன. வாசலில் குனிந்து 5 புள்ளிக் கோலத்தை 9 புள்ளிக்குப் பெரிதாக்குகிற கை, கணிதத்தின் கண்ணில் ஓர் இலக்கண விதியை இன்னொரு முறை பிரயோகிக்கிறது. நம் தெருக்களில் அன்றாடம் நடந்த ஒன்றைக் கண்டு இது கணிப்பியல் என்று உணர்ந்த அந்தக் கண்களை நான் வணங்குகிறேன்.

அடுக்கையும் விட்டுவிடுவோம். எல்லை இல்லாத ஒரு நாடாவும் அதில் எழுதி அழிக்க ஒரு முனையும் தந்தால் பொறி எவ்வளவு தூரம் போகும்? இங்கேதான் ஆலன் ட்யூரிங் வருகிறார். 1928-இல் டேவிட் ஹில்பர்ட்டும் வில்ஹெல்ம் ஆக்கர்மனும் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள்: எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் அது நிறுவத்தக்கதா இல்லையா என்று இயந்திரம் போல் முடிவு சொல்லும் ஒரு முறை உண்டா? 1935 கோடையில், நீண்ட ஓட்டத்துக்குப் பின் கேம்பிரிட்ஜ் அருகே கிரான்ட்செஸ்டர் புல்வெளியில் படுத்திருந்தபோது ட்யூரிங்குக்கு விடையின் வழி பிடிபட்டது. அடுத்த ஆண்டு கட்டுரை எழுதி முடித்தபோது வயது 23. அப்போது கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்குக் கணக்குப் போடும் ஆள் என்றே பொருள். அப்படி ஒரு ஆள் கட்டம் போட்ட தாளில் என்ன செய்கிறார்? ஒரு கட்டத்தைப் பார்க்கிறார், ஒரு குறியை எழுதுகிறார் அல்லது அழிக்கிறார், பக்கத்துக் கட்டத்துக்கு நகர்கிறார், மனத்தில் அடுத்த நிலைக்கு மாறுகிறார். வேறொன்றும் இல்லை. இதை மட்டும் செய்யும் பொறி, மனிதர் விதிப்படி போடக்கூடிய எந்தக் கணக்கையும் போடும் என்றார். அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் முற்றிலும் வேறொரு பாதையில் வந்து அதே எல்லையைத் தொட்டார். இரண்டும் ஒன்றே என்று தெரிந்தபோது கணிதவுலகுக்கு நம்பிக்கை பிறந்தது.

அதே கட்டுரையில் இன்னொரு அற்புதமும் இருக்கிறது. ஒரு பொறியின் விதிப்பட்டியலும் எழுத்துதானே? அதையே நாடாவில் எழுதி இன்னொரு பொறியிடம் கொடுத்தால் என்ன? அப்படிக் கொடுக்கப்பட்ட எந்தப் பொறியையும் போல நடிக்கும் ஒரு பொதுப்பொறியை அவர் வரைந்து காட்டினார். உங்கள் கைபேசி காலையில் அலாரம், பேருந்தில் பாட்டுப்பெட்டி, கடையில் பணப்பை, புது ஊரில் வழிகாட்டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி வாங்காமல் ஒரே கருவியில் ஆப் இறக்கிக்கொள்கிறோமே, அதன் விதை இந்தப் பக்கங்களில் இருக்கிறது. நிரலும் ஒரு தரவுதான். மின்னணுக் கணினி ஒன்றுகூடப் பிறக்காத ஆண்டில், எல்லாக் கணினிகளும் அடிப்படையில் ஒரே கணினிதான் என்று தாளில் எழுதிவிட்டார்.

எழுதிய கையோடு அதன் எல்லையையும் காட்டினார். பின்வந்தோர் அதற்கு நிறுத்தச் சிக்கல் என்று பெயரிட்டார்கள். ஒரு நிரலைப் பார்த்து, இது ஓடி முடியுமா, முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டியே சொல்லும் நிரல் ஒன்று எழுத முடியுமா? எழுதிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பெயர் ஜோசியர். எந்த நிரலையும் காட்டினால் 'நிற்கும்' அல்லது 'நிற்காது' என்பார். ஒருநாளும் பிழைக்க மாட்டார். இப்போது நான் இரண்டே வரியில் இன்னொரு நிரல் எழுதுகிறேன். பெயர் விதண்டாவாதி. விதண்டாவாதி தன்னையே ஜோசியரிடம் காட்டிப் பலன் கேட்பார். நிற்கும் என்றால் நிற்காமல் சுற்றுவார்; நிற்காது என்றால் உடனே நின்றுவிடுவார். ஜோசியர் என்ன சொன்னாலும் பொய்யாகிறது. பொய்யே சொல்லாதவர் என்று தொடங்கினோம். ஆகவே அப்படி ஒரு ஜோசியர் இருக்கவே முடியாது. இன்னும் வேகமான கணினி வந்தாலும், இன்னும் புத்திசாலியான நிரலாளர் பிறந்தாலும் முடியாது. ஒரு தாளில் முடிந்துபோகும் இந்த வாதம் என் கண்ணில் மனித அறிவின் மிக அழகான சாதனைகளில் ஒன்று. முதன்முறை புரிந்த அன்று இதைப் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இது வெறும் தத்துவம் என்று நினைக்க வேண்டாம். 1950-களின் தொடக்கத்தில் ஹென்றி கோர்டன் ரைஸ் இதை விரித்தார். ஒரு நிரல் என்ன செய்கிறது என்பதைப் பற்றிய எந்தச் சுவாரசியமான கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் தானியங்கி விடை கிடையாது. 1980-களில் ஃபிரெட் கோஹன் வைரஸ்களைப் பற்றி இதையே நிறுவினார். எல்லா வைரஸையும் பிடித்து, நல்ல நிரல் எதையும் தவறாகப் பிடிக்காத ஒரு சோதனை சாத்தியமில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஓயாமல் புதுப்பிப்பு கேட்பதற்கு ஓர் ஆழமான காரணம் இங்கே இருக்கிறது. முடியாது என்று தெரிந்த பிறகுதான் உருப்படியான பொறியியல் தொடங்குகிறது. பிட்காயினை வடிவமைத்தவர் அதன் உள்மொழியில் சுழல் கட்டளையையே வைக்கவில்லை. ஆகவே அதில் எழுதும் எதுவும் முடிந்தே தீரும். இன்னொரு மின்பணத் தளமான எத்தீரியம் சுழலை அனுமதித்தது. ஆனால் ஆட்டோ மீட்டர் போல ஒவ்வோர் அடிக்கும் கட்டணம் வைத்தது. முன்பணம் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். இரண்டுமே 1936-இன் அந்த ஒரு தாளுக்கு இரண்டு விதமான பதில்கள்.

முடியும், முடியாது என்பதோடு தீரவில்லை. முடியும், ஆனால் கட்டுப்படியாகாது என்பது மூன்றாவது நாடு. ஒரு விற்பனையாளர் 20 ஊர்களுக்கும் ஒரு முறை போய், கிளம்பிய ஊருக்கே திரும்ப வேண்டும். மிகக் குறைந்த தூரம் எது? எல்லா வரிசைகளையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். நொடிக்கு 100 கோடி வரிசைகளைப் பார்க்கும் கணினிக்கு 20 ஊர்களுக்கு ஏறத்தாழ 2 ஆண்டு ஆகும். 5 ஊர்தானே என்று கூட்டி 25 ஆக்கினால் ஏறத்தாழ 98 லட்சம் ஆண்டு. 1,000 மடங்கு வேகமான கணினி வாங்குங்கள். அதே 2 ஆண்டில் 22 ஊர் பார்க்கலாம். 1,000 மடங்கு வேகத்துக்கு இரண்டே ஊர். இப்போது கணினியை மாற்றாமல் வழியை மாற்றுவோம். 1962-இல் மைக்கேல் ஹெல்டும் ரிச்சர்ட் கார்ப்பும் வெளியிட்ட முறை, ஒருமுறை கண்ட சிறு விடைகளைக் குறித்துவைத்து மறுபடி பயன்படுத்துகிறது. அதன் கணக்குப்படி 25 ஊர்களுக்கு ஏறத்தாழ 2,100 கோடி அடி. அதே கணினியில் 21 நொடி. 98 லட்சம் ஆண்டை 21 நொடியாக்கியது ஒரு யோசனை. வன்பொருள் வளர்ச்சி எதுவும் இதற்கு ஈடாகாது.

ஆனால் அந்த முறையும் 50 ஊர்களில் ஏறத்தாழ 90 ஆண்டு கேட்கும். எந்த 50 ஊரைக் கொடுத்தாலும் சறுக்காமல் விரைந்து தீர்க்கும் வழி உண்டா? 1971-இல் ஸ்டீபன் குக்கும், அவரை அறியாமல் சோவியத் ஒன்றியத்தில் லியோனிட் லெவினும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். 1972-இல் கார்ப் அதை 21 சிக்கல்களுக்கு விரித்தார். பயண வழி, தேர்வுக் கால அட்டவணை, சூட்கேசில் பொருள் அடைப்பது என்று வெவ்வேறு முகம் காட்டுபவை எல்லாம் உள்ளே ஒரே சிக்கல். விடையைக் கொடுத்தால் சரிபார்ப்பது எளிது, தேடுவதுதான் கடினம் என்ற குணம் இவற்றுக்குப் பொது. ஒன்றை எப்போதும் விரைவாகத் தீர்க்கும் வழி கண்டால் அத்தனையும் தீரும். கண்டவருக்கோ அது முடியாது என்று நிறுவியவருக்கோ 10 லட்சம் டாலர் தருவதாக கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்தது. பரிசு இன்னும் அங்கேயே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இளைஞரிடம் மேலாளர் ஒருநாள் இப்படி ஒரு அட்டவணையைக் கேட்பார். கோட்பாடு படித்தவர் அதை அடையாளம் கண்டுகொள்வார். 'மிகச் சிறந்ததைத் தேடி மாதங்களை வீணாக்க வேண்டாம், போதுமான அளவு நல்லதை நாளைக்கே தருகிறேன்' என்பார். 2006-இல் 85,900 புள்ளிகள் கொண்ட ஒரு பயணச் சிக்கலுக்கு மிகச் சிறந்த விடையையே கண்டுபிடித்தார்கள். அந்தப் புள்ளிகள் ஒரு சில்லில் லேசர் தொட வேண்டிய இடங்கள். கடினம் என்று பெயர் வைத்த பிறகு அதன் பலவீனமான மூலைகளைத் தேடத் தெரிந்தவர்களின் வெற்றி அது.

கடினம் சில வேளை வரமும் ஆகும். 125 இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைக் கணினி இமைப்பதற்குள் பெருக்கிவிடும். பெருக்கி வந்த 250 இலக்க எண்ணை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால்? 2020-இல் அப்படி ஓர் எண்ணைப் பிரித்தார்கள். ஒற்றைக் கணிப்பான் ஏறத்தாழ 2,700 ஆண்டு உழைப்பதற்குச் சமமான வேலை ஆனது. 1977-இல் பிறந்த ஆர்எஸ்ஏ என்ற மறையீட்டு முறை இந்த ஏற்றத்தாழ்வையே பூட்டாக்கியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஓர் எண்ணைப் பிரிப்பது கடினம் என்றாலும், அது பகா எண்தானா என்று சொல்வது எளிது. காரணிகளைக் காட்டாமலே 'இது பிரியும்' என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். எந்த ஐயமும் எந்த நிபந்தனையும் இன்றி இதை விரைவாகச் செய்யும் முறையை 2002 ஆகஸ்டில் உலகுக்குக் கொடுத்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்ற இருவரும். எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் வயதில் அவர்கள் நூற்றாண்டுகளாகக் கிடந்த கேள்வியை முடித்துவைத்தார்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த மூலை. 1962-இல் டிபோர் ராடோ ஒரு போட்டி அறிவித்தார். மிகச் சிறிய ட்யூரிங் பொறிகளை எடுத்து வெற்று நாடாவில் ஓட விடுங்கள். முடிவில்லாமல் ஓடுபவை கணக்கில் இல்லை. நிற்பவற்றில் எது மிக நீளமாக ஓடி நிற்கிறது? 2 நிலைகள் இருந்தால் 6 அடி. 3-க்கு 21. 4-க்கு 107. 5 நிலைகளுக்கு 4,71,76,870. பத்தே கட்டளைகள், பேருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிவிடலாம். நாலே முக்கால் கோடி அடியை நெருங்கி ஓடிவிட்டு நிற்கிறது. அந்தப் பொறியை 1989-இல் ஜெர்மனியர் இருவர் கண்டுபிடித்தார்கள். அதைவிட நீளமானது இல்லை என்பதை இணையத்தில் கூடிய ஒரு தன்னார்வக் குழு 2024-இல்தான் நிறுவியது. அவர்களில் பலர் தொழில்முறைக் கணிதவியலர் அல்லர். எல்லாருக்கும் பலன் சொல்லும் ஜோசியர் இல்லை என்பதால், அவர்கள் மீதமுள்ள பொறிகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையும் ஏன் நிற்காது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டியிருந்தது.

6 நிலைகளில் பாதை அடைபட்டு நிற்கிறது. அங்கே ஆன்டிஹைட்ரா என்று ஒரு பொறி இருக்கிறது. அது செய்யும் கணக்கை நீங்கள் பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே போடலாம். 8-இல் தொடங்குங்கள். எண்ணோடு அதன் பாதியைக் கூட்டுங்கள். அரை வந்தால் விட்டுவிடுங்கள். 8, 12, 18, 27, 40, 60, 90, 135, 202, 303. இரட்டைப்படை எண் வந்தால் 2 மதிப்பெண் கூட்டுங்கள், ஒற்றைப்படை வந்தால் 1 கழியுங்கள். மதிப்பெண் என்றைக்காவது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் பொறி நிற்கும். மேலே உள்ள பத்து எண்களின் முடிவில் 11 மதிப்பெண். கணினிகள் கோடிக்கணக்கான படிகள் ஓட்டிப் பார்த்துவிட்டன; மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது. இது ஒருநாளும் நிற்காது என்றே எல்லாரும் எண்ணுகிறார்கள். ஏன் நிற்காது என்று சொல்ல இன்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த எண் 454.